சுத்தியல் எத்தனை கிலோ?

கேள்வி: பழைய ஃபோக்ஸ்வாகன் பீட்டிலின் பின்சக்கர பிரேக் டிரம்மைக் கழற்ற எத்தனை கிலோ சுத்தியல் வேண்டும்?

பதில்: சுத்தியலை உள்ளே வையுங்கள். டிரம் வார்ப்பிரும்பு. விளிம்பில் ஓங்கிப் போட்டால் விரிசல் விடும், அப்புறம் பேரீச்சம்பழத்துக்குத்தான். வண்டி தரையில் நிற்கும்போதே, முன்சக்கரத்துக்குக் கல் வைத்து, ஹேண்ட்பிரேக் போட்டு, காட்டர் பின்னைப் பிடுங்கி, 36 மி.மீ. நட்டை இளக்குங்கள். பிறகுதான் ஜாக்கி. அடுத்து ஹேண்ட்பிரேக்கை விடுவித்து அட்ஜஸ்டரையும் தளர்த்த வேண்டும். இதை மறந்தவர்கள்தான் டிரம்மோடு குஸ்தி போடுகிறார்கள். உள்ளே கிடக்கும் தூசியை வாயால் ஊதாதீர்கள், பழைய லைனிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம்.

திரும்ப மாட்டும்போது நட்டுக்குச் சுமார் 30 கிலோகிராம்-மீட்டர் முறுக்கு வேண்டும். படுக்கைவாட்டில் உள்ள கம்பியில், நட்டிலிருந்து 40 செ.மீ. தள்ளி 75 கிலோ ஆசாமி நின்றால் கணக்கு சரி. பின் துளை ஒத்துவராவிட்டால் மேலும் இறுக்குங்கள், இளக்கக் கூடாது. மைத்துனரை ஏற்றுவதாக இருந்தால் எடையை முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்!