மூவாயிரம் சொல்லில் ஒரு கார் பார்க்

கியூ.எஸ். என்கிற குவான்டிட்டி சர்வேயர் வேலையில் முதலில் பழகுவது கண்ணில் படாமல் இருப்பது. கட்டடம் அழகாக எழும்பினால் ஆர்க்கிடெக்டின் படம் பேப்பரில் வரும். இடிந்து விழுந்தால் எஞ்சினியரின் படம் வரும். கொங்கிரீட்டை அளந்து, பில்லைச் சரிபார்த்து, கொன்ட்ராக்டரோடு மல்லுக்கட்டிக் காசு மிச்சம்பிடித்தவனின் படம் எங்கேயும் வராது. நாங்கள் எழுதும் கடிதமும் அப்படித்தான். “கவனத்தில் எடுக்கப்பட்டது”, “பரிசீலிக்கப்படுகிறது.” கவனத்தில் எடுத்தது யார், பரிசீலிப்பது யார் என்று எந்த நீதிமன்றத்தாலும் கண்டுபிடிக்க முடியாது. வருடக்கணக்காக இப்படி ஒளித்திருந்தவனைப் பிடித்து, “சரி, நீ என்ன செய்தாய்? எழுதித் தா” என்று கேட்கிறது ஆர்.ஐ.சி.எஸ்.

1868-இல் லண்டன் வெஸ்ட்மின்ஸ்டர் பலஸ் ஹோட்டலில் 49 சர்வேயர்கள் கூடித் தொடங்கிய சங்கம் அது. 1881-இல் அரச பட்டயம் கிடைத்தது. அதில் சேர்ந்தால் பெயருக்குப் பின்னால் எம்.ஆர்.ஐ.சி.எஸ். என்று போட்டுக்கொள்ளலாம். டோஹாவில் என்னைப் போன்ற இலங்கைக் கியூ.எஸ்.மார் சம்பளம் பேசும்போது அதற்குத் தனி மரியாதை. யாழ்ப்பாணத்தில் நிலைமை வேறு. “எம்.ஆர்.ஐ. எடுக்கிறதெண்டால், தம்பிக்கு ஏதும் வருத்தமே?” என்று மாமி போனில் கேட்டார்.

வருத்தம்தான். அனுபவச் சுருக்கம் எழுத வேண்டும். பன்னிரண்டு மாதத்தில் 48 மணி நேரம் படித்ததற்குக் கணக்குக் காட்ட வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாகக் கேஸ் ஸ்டடி: அண்மையில் வேலைசெய்த ஒரு திட்டத்தைப் பற்றி, 3,000 சொல்லுக்கு மேற்படாமல். திறமைகளுக்கு மூன்று லெவல் வைத்திருக்கிறார்கள். லெவல் 1, விஷயம் தெரிய வேண்டும். லெவல் 2, செய்திருக்க வேண்டும். லெவல் 3, காரணம் காட்டி ஆலோசனை சொல்லியிருக்க வேண்டும். முதல் இரண்டும் பிரச்சினையில்லை. மூன்றாவதில்தான் வியர்த்தது. எங்கள் ஒஃபிஸில் என்னிடம் யார் ஆலோசனை கேட்கிறார்கள்? “நாளைக்குக் காலமைக்குள்ள முடியும்தானே?” என்று கேட்பார்கள். அது கேள்வியே இல்லை.

என் திட்டம் ஓர் அடுக்குமாடிக் கார் பார்க். மற்றவர்கள் விமான நிலையம், ஸ்டேடியம் என்று எழுதும்போது கார் பார்க்கை வைத்து வீரகாவியம் பாடுவது சிரமம். முதல் வரைவில் என் பழைய குணத்தையே காட்டினேன். விலைகள் ஒப்பிடப்பட்டன, அறிக்கை சமர்ப்பிக்கப்பட்டது, தீர்மானம் எட்டப்பட்டது. விண்ணப்பத்தில் கையெழுத்துப் போடவேண்டிய மூத்த உறுப்பினர் எங்கள் ஊர் அண்ணை ஒருவர். முழுவதையும் வாசித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

“தம்பி, நல்லாயிருக்கு. பேய்தான் கட்டினதோ?”

“இல்லை அண்ணை, எல்லாரும் சேர்ந்துதான்...”

“எல்லாருக்கும் மெம்பர்ஷிப் குடுக்கேலாது. நீர் அந்த மாசம் லீவில நிண்டிருந்தால், எது நடக்காமல் போயிருக்கும்?”

இதைவிடக் கொடூரமான கேள்வியை நான் கேட்டதில்லை. லீவு கேட்டால் கம்பனியே இடிந்துவிடும் என்கிறார்கள். லீவில் போனால் எல்லாம் ஒழுங்காக நடக்கிறது. வீட்டுக்கு வந்து பழைய ஈமெயில்களைக் கிண்டினேன். கார் பார்க்கின் மாடித் தளங்களுக்கு இரண்டு வழி இருந்தது: அங்கேயே கொங்கிரீட் ஊற்றுவது, அல்லது தொழிற்சாலையில் வார்த்துக் கொண்டுவந்து பொருத்துவது. சதுர மீட்டர் விலையை மட்டும் பார்த்தால் ஊற்றுவதே மலிவு. ஆனால் கட்டாரில் ஜூன் 1 முதல் செப்டெம்பர் 15 வரை, காலை பத்து மணியிலிருந்து பிற்பகல் மூன்றரை வரை வெளிவெயிலில் வேலை செய்விக்கக் கூடாது. கோடையில் அங்கேயே ஊற்றும் தளம் ஆமை வேகத்தில் ஏறும். கிரேன் வாடகை, சைட் ஒஃபிஸ் செலவு, காவலாளி சம்பளம் மட்டும் வெயில் பார்க்காமல் ஓடும். அந்தச் செலவுகளுக்கென்று அட்டவணையில் ஒரு தனி நிரலைச் சேர்த்தது நான். அந்த நிரலைக் கூட்டிப் பார்த்ததும் மலிவானது விலை கூடியதாகிவிட்டது. மனேஜர் அதை அப்படியே தன் பெயரில் வாடிக்கையாளருக்கு அனுப்பியிருந்தார். ஆலோசனை சொல்லியிருக்கிறேன், எனக்கே யாரும் அறிவிக்கவில்லை.

பிறகு சொற்களை அளக்கும் வேலை. கொங்கிரீட் அளப்பதற்கு எங்களிடம் இரக்கமுள்ள விதி உண்டு: 0.05 கன மீட்டர் வரையுள்ள ஓட்டையைக் கழிக்க வேண்டாம், உள்ளே கிடக்கும் கம்பியையும் கழிக்க வேண்டாம். கேஸ் ஸ்டடிக்கு அப்படிச் சலுகை இல்லை. கம்பி, ஓட்டை எல்லாம் சேர்த்தே எண்ணப்படும். கொன்ட்ராக்டரின் பில்லில் அரை மூட்டை சீமெந்தைக்கூட விடாமல் வெட்டிய கை, சொந்தக் கட்டுரையில் ஒரு “மேலும்” வெட்ட நடுங்கியது.

கடைசிப் பகுதிதான் எங்கள் தொழிலுக்கே விரோதமானது. அடுத்த முறை எதை வேறு மாதிரிச் செய்வாய் என்று எழுத வேண்டுமாம். தாமதத்துக்கு நாங்கள் காரணமில்லை என்று பக்கம் பக்கமாக நிரூபித்துச் சம்பளம் வாங்குகிறவனிடம் கேட்கிற கேள்வியா இது? வக்கீலைக் கேட்காமல் அந்தப் பந்தியை எழுதவே பயமாக இருந்தது.

ஒழுக்கம் எல்லோருக்கும் லெவல் 3. 2022 பெப்ரவரியிலிருந்து அமலில் உள்ள நடத்தை விதிகள் ஐந்துதான், ஆனால் அதில் சறுக்கினால் மற்றதெல்லாம் எவ்வளவு நன்றாக இருந்தும் பயனில்லை. லஞ்சத்தை எதிர்த்துப் போராடிய வரலாறு எனக்குக் கிடையாது. லஞ்சம் தரும் அளவுக்கு என்னை யாரும் மதித்ததில்லை. நல்லவேளையாக ஒரு நோன்பு மாதத்தில் கொன்ட்ராக்டர் ஒருவர் பேரீச்சம்பழப் பெட்டி அனுப்பியிருந்தார். அதைப் பரிசுப் பதிவேட்டில் எழுதி, பொதுச் சமையலறையில் வைக்கும்படி வரவேற்பாளரிடம் சொன்னேன். காரணத்தோடு சொன்னேன். யாரும் திருத்தாமல், யாருடைய பெயரிலும் போகாமல், உடனே நிறைவேறிய என் ஒரே ஆலோசனை அதுதான். பத்து நிமிடத்தில் பெட்டி காலி.

எழுத்து ஏற்கப்பட்டால் அறுபது நிமிட நேர்முகம். முதல் பத்து நிமிடம் கேஸ் ஸ்டடியை விளக்க வேண்டும். ஒத்திகைக்கு மனைவியை நடுவராக இருத்தினேன். வெயில், கிரேன், தனி நிரல் எல்லாம் சொல்லி முடித்தேன். அவள் கன்னத்தில் கைவைத்து யோசித்தாள்.

“எல்லாம் விளங்குது. இஞ்சாருங்கோ, அதில கார் விட மணித்தியாலத்துக்கு எவ்வளவு?”

அதில் எனக்கு லெவல் 1 கூட இல்லை.