கடல் கடந்த காசோலை

காசோலையின் படத்தை மட்டும் அனுப்பித் தீர்வு காணும் முறை 2008இல் புது தில்லியிலும் 2011இல் சென்னையிலும் நடைமுறைக்கு வந்துவிட்டபோதிலும், அமெரிக்க வங்கியின் மீது எழுதப்பட்ட காசோலைக்கு அந்தச் சலுகை இல்லாமையால், அது பொதுவாக ‘வசூலுக்கு’, அதாவது பணம் வந்த பின்னரே வரவு வைக்கும் ஏற்பாட்டின்படி, கூரியர் உறையில் அமர்ந்து பல வாரங்கள் உலகம் சுற்றுகிறது. வெளிநாட்டு வங்கியின் கட்டணம், இடைநிலை வங்கியின் கட்டணம், உள்ளூர் வங்கியின் கமிஷன், கூரியர் செலவு, கமிஷனுக்கான ஜிஎஸ்டி என வரிசையாக அனைவருக்கும் படியளந்து, எஞ்சியதை உடையவருக்கு நல்கும் அக்காசோலை, சிறு தொகைக்கானதாயின், சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்ற பழமொழியை வழுவாமல் மெய்ப்பிக்கிறது. கையொப்பம் பொருந்தவில்லையென்று காசோலை திரும்பிவந்தாலோ, செலுத்திய கட்டணம் அதனுடன் திரும்பிவருவதில்லை. திருப்பியனுப்பியதற்கும் தனிக் கட்டணம் உண்டு.