பாட்டிக்குச் சிவப்பு அட்டை

சுங்கை சிப்புட் ஒட்டுக்கடைகளில் ஒரு வழக்கு வருஷக்கணக்கில் நடந்துகொண்டிருந்தது. பேராக் காற்பந்து அணிக்கு இப்போது கோல் போடுகிறவன் பெரியவனா, முன்பு போட்டவன் பெரியவனா? வாதி, ஓய்வுபெற்ற லாரி ஓட்டுநர். பிரதிவாதி, பால்மரம் வெட்டி விரல் காய்த்த பெரியவர். சாட்சிகள், காலை பத்து மணிக்கே வேலை முடிந்துவிட்ட நாங்கள். மேசையைத் தட்டுவோம். தே தாரேக் ததும்பும். தீர்ப்பு வராது. காசை யார் கொடுப்பது என்ற கட்டத்தில் எல்லாரும் சமாதானமாகிவிடுவோம்.

2025-26 பருவத்தில் அந்த வழக்கு ஒரே நிமிஷத்தில் தள்ளுபடியானது. முன்பு போட்டவர்கள் பட்டியல் தயார். இப்போது போடுகிறவர்தான் இல்லை. ஏனென்றால் பேராக்கே இல்லை. சூப்பர் லீக்கிலிருந்து அணி விலகிக்கொண்டது. காரணம், எல்லா வீட்டிலும் தெரிந்த காரணம்: பணமில்லை.

ஆனாலும் ஒப்பிட்டுத்தான் பார்ப்போம். பழகிய வாய் சும்மா இருக்காது.

காலிட் ஜம்லுஸ்: 2002, 2003 என்று அடுத்தடுத்து லீக் வென்ற பேராக்கின் கோல் எந்திரம். கெய்த்தா மாண்ட்ஜு: கினியிலிருந்து வந்து வலையைக் கிழித்தவர். ஷாரெல் ஃபிக்ரி: பெருந்தொற்று சுருக்கிய 2020 பருவத்தில் 11 ஆட்டங்களே நடந்தன, அதில் 10 கோல் அடித்தார். இன்றைய தாக்குதல் ஆட்டக்காரர்: காலி நாற்காலி. உயரம் இல்லை, எடை இல்லை, கோல் இல்லை. ஒரு நல்லது, சம்பளப் பாக்கியும் இல்லை. இன்னொரு நல்லது, இனி யாராலும் பேராக்கைத் தோற்கடிக்க முடியாது.

பத்துக் கோல் போட்ட ஷாரெல் அடுத்த ஆண்டே சிலாங்கூர் சட்டையில் நின்றார். அவரைக் குறை சொல்ல முடியாது. அதே 2021இல்தான் பேராக்கில் சம்பளம் நின்றது, ஆட்டக்காரர்கள் சிதறினார்கள், அணி கீழ் லீக்குக்கு இறங்கியது. அதற்கு மூன்றே ஆண்டுகள் முன்பு, 2018 அக்டோபர் 27ஆம் தேதி ஷா ஆலாமில், திரங்கானுவோடு 3-3 என்று முட்டி மோதி, பெனால்டியில் மலேசியக் கிண்ணத்தைத் தூக்கிய அணி அது. எட்டாவது கிண்ணம். கிண்ணம் வந்தால் அதைத் தொட்டுப் படம் எடுக்க எத்தனை கைகள் நீளும் என்று உங்களுக்குத் தெரியும். சம்பளச் சீட்டு வந்தபோது அத்தனை கைகளும் பாக்கெட்டுக்குள் போய்விட்டன. வெற்றி வந்தால் மாநிலத்தின் அணி. கடன் வந்தால் தனியார் நிறுவனத்தின் அணி. இந்தக் கணக்கைப் போட்டவருக்குத்தான் தங்கக் காலணி கொடுக்க வேண்டும்.

அணியின் சின்னம் செலாடாங், அதாவது காட்டெருமை. காட்டில் அந்த இனம் அருகிவருகிறதாம், காப்பாற்றத் திட்டம் இருக்கிறதாம். ஈப்போ திடலில் இருந்தது அற்றே போய்விட்டது. அதற்குத் திட்டம் இல்லை.

சரி, மாநிலம் போனால் போகட்டும், நாடு இருக்கிறதே என்று பேச்சைத் திருப்பினோம். அங்கேதான் எங்கள் ஒப்பீட்டு அறிவெல்லாம் பழசு என்று தெரிந்தது. கோல், வேகம், தலையால் முட்டுவது, இடது கால், இதையெல்லாம் வைத்து ஆட்டக்காரரை எடைபோட்ட காலம் மலையேறிவிட்டது. இப்போது கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: உங்கள் தாத்தா எங்கே பிறந்தார்?

மொக்தார் டஹாரியை எடுத்துக்கொள்வோம். நாட்டுக்காக 142 ஆட்டங்கள், 89 கோல்கள். 1975இல் அர்செனல் இங்கே வந்தபோது சிலாங்கூருக்காக இரண்டு கோலையும் போட்டு லண்டன்காரர்களைத் தலைகுனிய வைத்தவர். அவருடைய தாத்தா எங்கே பிறந்தார் என்று ஒருவரும் கேட்டதில்லை. பாவம், அந்தக் காலத்தில் காற்பந்தைக் காலால் ஆடினார்கள்.

2025 ஜூன் 10, புக்கிட் ஜாலில். ஆசியக் கிண்ணத் தகுதிச் சுற்றில் வியட்நாமை 4-0 என்று அடித்தோம். முதல் கோல், தாக்குதல் ஆட்டக்காரர் ஜோவாவ் ஃபிகெய்ரேடோ. இரண்டாவது, ரோட்ரிகோ ஹோல்காடோ. ஒட்டுக்கடையில் பெஞ்சு உடைந்தது. பெயரை உச்சரிக்கத் தெரியாவிட்டாலும் நம்ம பையன் என்று கட்டிக்கொண்டோம். தாத்தா பாட்டி இங்கே பிறந்தவர்கள், மலேசிய வம்சாவளி என்றார்கள். நம்பினோம். நம்புவதுதான் நமக்குத் தொழில்.

செப்டம்பர் 26ஆம் தேதி ஃபிஃபா வாயைத் திறந்தது. அந்த அணியின் ஏழு ஆட்டக்காரர்களின் வம்சாவளிப் பத்திரங்கள் போலி என்றது. ஆளுக்கு 12 மாதத் தடை. மலேசியக் காற்பந்துச் சங்கத்துக்கு 350,000 சுவிஸ் ஃபிராங்க் அபராதம். நவம்பரில் மேல்முறையீடும் தள்ளுபடி.

விவரம் வந்தபோது சிரிப்பதா, தலையில் அடித்துக்கொள்வதா என்று தெரியவில்லை. ஜொகூரில் பிறந்த பாட்டி என்று காட்டப்பட்டவர் பிரேசிலில் பிறந்திருந்தார். ஜார்ஜ்டவுன் தாத்தா என்று காட்டப்பட்டவர் ஆர்ஜென்டினாவில். மலாக்கா என்று போட்டிருந்தவர் நெதர்லாந்தின் ஹேக் நகரில். கூச்சிங் என்று எழுதியிருந்தவர் ஸ்பெயினின் குவெர்னிகாவில். கொலம்பஸ் கூட இவ்வளவு தூரம் வழி தவறியதில்லை. இதற்குச் சங்கம் கொடுத்த பெயர் ‘தொழில்நுட்பத் தவறு’. எங்கள் தெருவில் ஒருவர் அடுத்தவன் மோட்டார் சைக்கிளை ‘தவறுதலாக’ ஓட்டிக்கொண்டு போனார். போலீஸ் அதைத் தொழில்நுட்பத் தவறு என்று சொல்லவில்லை.

இதுவரை வேடிக்கை. இனிமேல்தான் வயிறு எரியும்.

ஃபிஃபாவின் தீர்ப்பில் ஒரு வரி இருக்கிறது. மேசையில் இருந்த ஓய்வுபெற்ற ஆசிரியர் அதை இரண்டு முறை படித்துக் காட்டினார். அந்தத் தாத்தா பாட்டிகளின் கையெழுத்துப் பிறப்புப் பதிவு மூலத்தைத் தேசியப் பதிவுத் துறை பார்க்கவில்லை. வெளிநாட்டிலிருந்து வந்த தாள்களையும் இரண்டாம் நிலைத் தகவலையும் வைத்தே அதிகாரபூர்வ நகலை எழுதிக்கொடுத்தது. மூலம் இல்லை. ஆனாலும் நகல் உண்டு.

கேட்டதும் அடுப்பில் வடை போட்டுக்கொண்டிருந்த பாட்டி சட்டுவத்தைக் கீழே வைத்தார்.

இந்தப் பாட்டியைப் பற்றிச் சொல்ல வேண்டும். எழுபத்தைந்து இருக்கும். இங்கிருந்து பத்து கிலோமீட்டருக்குள் ஒரு தோட்டத்து லயத்தில் பிறந்தவர். பிரசவம் பார்த்தது மருத்துவச்சி. பதிய வேண்டியது தோட்டத்துக் கிராணி. அன்று அவருக்கு வேறு வேலை இருந்திருக்கும். மருத்துவச்சி செத்துப்போனார். கிராணி செத்துப்போனார். பால்மரம் போய்ச் செம்பனை வந்தது. லயத்தை இடித்தார்கள். பிறந்ததற்கு மிஞ்சிய ஒரே சாட்சி பாட்டிதான். சொந்த வழக்கில் சாட்சி செல்லாது.

பாட்டியிடம் ஒரு பிஸ்கட் டின் இருக்கிறது. தோட்டத்துச் சம்பளச் சீட்டு, கல்யாணப் படம், கணவரின் மரணப் பத்திரம், பிள்ளைகளின் சூராட் பெரானாக், அதாவது பிறப்புப் பத்திரங்கள், எல்லாம் அதில் அடக்கம். கூடவே ஒரு சிவப்பு ஐசி. ஆம், சிவப்பு அடையாள அட்டை. இந்த நாட்டில் இருக்கலாம், வேலை செய்யலாம், வரி கட்டலாம், சாகலாம். ஓட்டுப் போட முடியாது.

திடலில் சிவப்பு அட்டை வாங்க எதிராளியின் காலை உடைக்க வேண்டும். இல்லையென்றால் நடுவரைத் திட்ட வேண்டும். அப்போதும் ஓரிரு ஆட்டம் வெளியே உட்கார்ந்தால் தண்டனை முடிந்தது. பாட்டி யார் காலையும் உடைக்கவில்லை. பிறந்தார். அதற்குச் சிவப்பு அட்டை. அம்பது வருஷத்துக்கு மேலாக எல்லைக்கோட்டுக்கு வெளியே உட்கார்ந்திருக்கிறார். ஏழு ஆட்டக்காரர்களுக்குக் கிடைத்த 12 மாதத் தண்டனையைக் கேட்டுவிட்டு, “அவ்வளவுதானா?” என்றார்.

மனுப் போடாமல் இல்லை. போட்டார். மூலப் பத்திரம் கேட்டார்கள். மலாய் தெரியுமா என்று சோதித்தார்கள். தெரியும். நாற்பது வருஷமாக மலாய்க்காரர்களுக்கு வடை விற்கிறவருக்குத் தெரியாதா? ஆனால் கௌண்டரில் வடை விற்கும் மலாய் செல்லவில்லை. கேட்ட கேள்விக்குப் பாட்டி தடுமாறினார். பிறகு வரச் சொன்னார்கள். பிறகு போனார். பிறகு வரச் சொன்னார்கள்.

இயல்புக் குடியுரிமைக்கு அரசமைப்புச் சட்டம் பன்னிரண்டு ஆண்டில் பத்து ஆண்டு இங்கே குடியிருக்கச் சொல்கிறது. ஆட்டக்காரர்கள் விஷயத்தில் எல்லாம் சட்டப்படிதான் நடந்தது, அமைச்சருக்கு விருப்புரிமை உண்டு என்று நாடாளுமன்றத்தில் விளக்கம் தந்தார்கள். மகிழ்ச்சி. விருப்புரிமை என்று ஒன்று இருக்கிறது என்பதே எங்களுக்கு நல்ல செய்தி. பாட்டியின் பக்கம் அதற்கு விருப்பம் வரவில்லை, அவ்வளவுதான். பாட்டிக்கு இடது கால் ஆட்டமும் வராது, முழங்கால் வலி.

இதில் இன்னொரு கூத்து. இந்த நாட்டில் அடையாள அட்டை என்ற ஒன்று பிறந்ததற்கே எங்கள் ஊர் ஒரு காரணம். 1948 ஜூன் 16ஆம் தேதி சுங்கை சிப்புட் தோட்டங்களில் மூன்று ஐரோப்பிய நிர்வாகிகள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அவசரகாலம் வந்தது. யார் யார் என்று தெரிந்தாக வேண்டும் என்று அதே ஆண்டில் பன்னிரண்டு வயது தாண்டிய எல்லாரையும் பதிந்து அட்டை கொடுக்க ஆரம்பித்தார்கள். அட்டையைப் பெற்றெடுத்த ஊரில் அட்டைக்கு ஏங்கும் கிழவிகள்.

வாக்குறுதிக்குப் பஞ்சமில்லை. 1974 முதல் 2008 வரை இங்கே நாடாளுமன்ற உறுப்பினர் சாமிவேலு. 2018 வரை டாக்டர் ஜெயகுமார். அதன்பின் கேசவன். கட்சி மாறியது, மேடை மாறியது, மாலை மாறியது. 2018இல் அரசே மாறி, அறுபது கடந்த சிவப்பு அட்டைக்காரர்களுக்கு வழி பிறக்கும் என்று அறிவிப்பும் வந்தது. சிலருக்குப் பிறந்தது. பாட்டியின் டின்னில் நிறம் மாறவில்லை. தேர்தல்தோறும் இந்தச் சிவப்பு அட்டைதான் பந்து. எல்லாரும் உதைப்பார்கள். யாரும் கோல் போட மாட்டார்கள்.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். வெளியூரிலிருந்து வந்தவன்மேல் எங்களுக்குக் கோபமில்லை. கோபப்பட அருகதையும் இல்லை. எங்கள் பாட்டன் பூட்டன் எல்லாரும் கப்பலில் வந்தவர்கள்தான். கெய்த்தா மாண்ட்ஜு கினியைச் சேர்ந்தவராகவே வந்தார். கினியைச் சேர்ந்தவராகவே கோல் போட்டார். தோளில் தூக்கினோம். அவருக்கு யாரும் தைப்பிங்கில் ஒரு பாட்டியைத் தயாரித்துக் கொடுக்கவில்லை. கோபம், இல்லாத பாட்டிக்குப் பத்திரம் எழுதி, இருக்கிற பாட்டியைத் திருப்பி அனுப்பும் பேனாவின் மேல்.

ஆகவே ஒப்பீட்டை முடித்துவிடலாம். முன்பு கோல் போட்டவர்கள்: மொக்தார், காலிட், மாண்ட்ஜு, ஷாரெல். இப்போது போடுகிறவர்: பெயர் தெரியாத ஒரு குமாஸ்தா. திடலில் இறங்கியதில்லை. பந்தைத் தொட்டதில்லை. உட்கார்ந்த இடத்திலிருந்தே ஏழு பேரை நான்கு நாடுகளிலிருந்து உள்ளே தள்ளியவர். இத்தனை துல்லியமான ஆட்டக்காரரை இந்த நாடு இதுவரை கண்டதில்லை.

பாட்டி வடையை எடுத்துத் தட்டில் வைத்தார். கையைத் துடைத்துக்கொண்டு ஆசிரியரிடம் கேட்டார்:

“ஏன் சார், அந்தப் பையன்களோட பாட்டிக்கு சூராட் பெரானாக் எழுதிக் குடுத்தாரே, அந்தக் கிராணி எந்த ஆபீஸ்ல இருக்காரு? எனக்கு மலாக்கா, பினாங்குன்னு எல்லாம் வேணாம். பொறந்த எடத்தையே எழுதச் சொல்லுங்க.”