பேராண்டிக்கு ஈட்டி மரம்தான் வேணுமாம்

ஏலே பேராண்டி, கிட்டார் வாங்கக் கிளம்பிட்டியாம்லா? அதுவும் முதுகும் விலாவும் ஈட்டி மரத்துல இருந்தாத்தான் நாதம் வருமாம். நல்லது. பணம் உங்க அப்பன் பணம், மரம் மலையில வளந்த மரம், இடையில நான் யாரு? ஆனாலும் இழைப்புளி புடிச்ச கை, சும்மா இருக்க மாட்டேங்கு.

ஸ்பெயின்ல அந்தோனியோ டி தோரெஸ்னு ஒரு ஆசாரி. இன்னைக்கு நீ பாக்குத கிட்டாருக்கு ரூபம் குடுத்தவரு. அவரு 1862-ல மேல்பலகைய மட்டும் ஸ்ப்ரூஸ் மரத்துல இழைச்சுப்புட்டு, முதுகையும் விலாவையும் காகிதக்கூழ் அட்டையில செஞ்சாரு. கிறுக்குப் புடிச்சு இல்லலே. கம்பி அதிர்ந்தா அதத் தாங்குத குதிரை அதிரும், குதிரை அதிர்ந்தா மேல்பலகை அதிரும். பாடுதது அதுதான், மத்ததெல்லாம் கூட நிக்க ஆளுன்னு காட்டத்தான். அந்த அட்டைக் கிட்டார் பார்சிலோனா இசை அருங்காட்சியகத்துல சௌக்கியமா இருக்கு.

பழங்கதைங்கியா? இங்கிலாந்துல லங்காஸ்டர் பல்கலைக்கழகத்துக்காரங்க ஆறு கிட்டார் செய்யச் சொன்னாங்க. முதுகு, விலா மரம் மட்டும் வேற வேற. அதுல ஒண்ணு நம்ம ஈட்டி. வாசிக்க வந்த 52 பேருக்கும் வெல்டிங்காரன் கண்ணாடிய மாட்டி, மங்கல் வெளிச்சத்துல உக்காத்தி வச்சாங்க. 2018-ல முடிவு வந்துது: எல்லா மரத்துக்கும் ஏறக்குறைய ஒரே மார்க்கு. கண்ண மறைச்சதும் காதுக்கு விலை தெரியாமப் போச்சு, பாத்தியா!

அதுக்காக எதுல செஞ்சாலும் ஒண்ணுன்னு நினைச்சிராத. 1927-ல அமெரிக்காவுல நேஷனல் கம்பெனிக்காரங்க கிட்டார் உடம்பையே உலோகத்துல அடிச்சு, உள்ள மெல்லிசா மூணு அலுமினியக் கூம்பு வச்சாங்க. ஆட்டக் கச்சேரி இரைச்சலையும் மீறிக் கேக்கணும்லா? பலகை பாத்த வேலைய கூம்பு வாங்கிக்கிட்டுது. குரலும் கணீர்னு மாறிப்போச்சு. தொண்டைய மாத்துனா குரல் மாறும், சட்டைய மாத்துனா மாறுமாலே?

மின்சாரக் கிட்டாரு இன்னும் கூத்து. அதுல பிக்கப்பு கவனிக்கது கம்பி ஆடுதத. மரத்தோட சாதி, குலம் எல்லாம் அது அவ்வளவா விசாரிக்காது. இங்கிலாந்துக் கிட்டார் வித்வான் பிரையன் மே பள்ளிக்கூடத்துப் பையனா இருக்கும்போது, 1963-ல, அவங்க அப்பாவோட சேர்ந்து ஒண்ணு செய்ய ஆரம்பிச்சாரு. கழுத்து, பழைய கணப்படுப்பு மேல இருந்த கட்டை. அதுல புழு அரிச்ச ஓட்டைய தீக்குச்சி வச்சு அடைச்சாங்க. ஸ்பிரிங்கு, பழைய மோட்டார் சைக்கிள்ல கழட்டுனது. அதத் தூக்கிட்டுத்தான் 2002-ல ராணி அரண்மனை மொட்டை மாடியில நின்னு வாசிச்சாரு.

ஆகையினால மேல்பலகையத் தட்டிப் பாத்து வாங்கு. மிச்சத் துட்ட வாத்தியாருக்குக் குடு. இல்ல, ஈட்டிதான் வேணும்னா அதையும் தடுக்கல. ஆடத் தெரியாதவளுக்குக் கூடம் கோணலா இருந்தா எவ்வளவு சௌகரியம்! நாளைக்கு வாசிப்பு பிசகுனா, "மரம் இன்னும் பதப்படல"ன்னு சொல்லிக்கலாம். அட்டையில வாசிக்கவனுக்கு அந்த வசதி ஏதுலே?