மாறுனியே, என்ன வேலலே பாத்த?

ஏலே பேராண்டி, விண்டோஸ விட்டுட்டு லினக்ஸுக்கு மாறிட்டேன்னு ஊரெல்லாம் சொல்லிட்டுத் திரியுதியாமே. நல்லதுலே. மாறி என்ன வேல பாத்த? மொத வாரம் உபுண்டு. மறுவாரம் மின்ட். பெறகு ஃபெடோரா. இப்ப ஆர்ச்சாம். நடுவுல வால்பேப்பர் தேடி ராத்திரியெல்லாம் முழிச்சிருக்க. கடேசில பாங்குக்கு ஒரு லெட்டர் அடிக்கணும்னு தெருமுக்கு ஜெராக்ஸ் கடைக்கு ஓடுன. அங்க என்ன இருந்துச்சு? பழைய விண்டோஸு.

மாறுதது தப்புன்னா சொல்லுதேன்? இல்லலே. டைப்ரைட்டர்ல ஆரம்பிச்சு பேஜ்மேக்கர் வரைக்கும் பாத்த கை இது. மாறுததுக்குக் காரணமும் இருக்கு. விண்டோஸ் 10க்கு வழக்கமா வார அப்டேட்ட 2025 அக்டோபர் 14ஓட மைக்ரோசாப்ட்காரன் நிறுத்திட்டான். சரி, 11 போடலாம்னா, டிபிஎம் 2.0ன்னு ஒரு பாதுகாப்புச் சில்லு இருக்கா, பிராசசர் புதுசான்னு பொண்ணு பாக்க வந்த மாப்பிள்ள வீட்டுக்காரன் மாதிரி கேள்வி கேக்கான். நல்லா ஓடுத மெசின அதுக்காகக் குப்பையில போடவா முடியும்?

ஆனா இந்தப் பவுசு எதுக்குலே? 1991ல ஃபின்லாந்துல லினஸ் டோர்வால்ட்ஸ்னு ஒரு காலேஜ் பய எழுத ஆரம்பிச்சது லினக்ஸு. இன்னைக்கு ஆண்ட்ராய்டு போனுக்கு அடியிலயும் அதான் ஓடுது. ஒங்கம்மையும் லினக்ஸ்தான் வச்சிருக்கா, குட்மார்னிங் அனுப்ப. அவ சட்டையில லினக்ஸ் சின்னம்னு பெங்குயினக் குத்திக்கிட்டா திரியுதா? அரசாங்கம் பிள்ளையளுக்குக் குடுத்த லேப்டாப்புல விண்டோஸ் பக்கத்துலயே பாஸ் லினக்ஸும் இருந்துச்சு. எத்தன பேரு தொறந்து பாத்திய? இப்ப யூட்யூப்ல எவனோ கருப்புத் திரையில பச்ச எழுத்த ஓட்டினதும் ஞானம் வந்துட்டு.

ஒரு தாள எடு. தெனமும் நெசமா என்ன செய்யுதன்னு எழுது. லெட்டர் அடிக்க, கணக்குப் போட, படம் பாக்க, போட்டோவ வெட்டி ஒட்ட, பிரிண்ட் எடுக்க. அம்புட்டுத்தான? லிபர்ஆபீஸ், ஃபயர்பாக்ஸ், விஎல்சி, கிம்ப் போதும். எல்லாம் ஓசி. இதெல்லாம் விண்டோஸ்லயும் ஓடும்லே, ஒருத்தனும் சொல்லலியோ? இருக்க விண்டோஸ்லயே ஒரு மாசம் இதுகள வச்சுப் பொழங்கு. கை பழகிட்டுன்னா அடியில இருக்கத மாத்தினாலும் ஒனக்குப் பெருசாத் தெரியாது. பழகலயா? லினக்ஸ் மேல பழியப் போடாம இருந்த எடத்துலயே இரு.

தமிழ் அடிக்கவனுக்கு இன்னொரு சங்கதி. பாமினி, வானவில்னு பழைய எழுத்துருவுல மூட்ட மூட்டயாச் சேத்து வச்சிருப்ப. அந்த எழுத்துரு இல்லாத மெசின்ல தொறந்தா கண்டமேனிக்கு இங்கிலீஷ் எழுத்தும் குறியுமாக் கெடக்கும். கம்ப்யூட்டர் கெட்டுப்போச்சுன்னு மாரடிக்காத. முந்தியே யூனிகோடுக்கு மாத்திப்போடு. தமிழ்99 விசைப்பலகை லினக்ஸ்லயும் உண்டு.

கடைக் கணக்க டேலியில எழுதுதியா? போட்டோஷாப்ல கல்யாண ஆல்பம் போடுதியா? அப்ப மெசினத் தொடாத. ரெண்டும் லினக்ஸுக்குன்னு செஞ்சது இல்ல. ‘வைன்’னு ஒண்ண வச்சு ஓட்டிரலாம்னு ஒரு கூட்டாளி வருவான். ஓடினாலும் ஓடும். ஆனா மார்ச் 31 அன்னிக்கு மக்கர் பண்ணும். அன்னிக்கு அவன் போன எடுக்க மாட்டான்.

இம்புட்டும் கேட்டும் ஆச தீரலயா? லினக்ஸ் மின்ட்ட பென்டிரைவ்ல ஏத்தி, அதுலருந்தே ஓட்டிப் பாரு. உள்ள இருக்க டிஸ்கத் தொட வேண்டாம். கொஞ்சம் மெதுவா ஓடும், பொறுத்துக்க. வைஃபை புடிக்கா, சவுண்டு வருதா, பிரிண்டர் தாளத் துப்புதா, அதப் பாரு. ஜன்னல் குலுங்கிக் குலுங்கித் தொறக்கான்னு பாத்துட்டு ஒக்காராத.

எல்லாம் சரியா இருந்தா உள்ள போடு. போடுததுக்கு முந்தி ஒங்கக்கா கல்யாண போட்டோவயும் பாங்கு காயிதத்தையும் வேற டிஸ்குல நகல் எடுத்து வச்சிரு. டிஸ்க அழிக்கவான்னு ஒரு எடத்துல கேக்கும். படிக்காம ஓகே குடுத்துட்டு, பெறகு ஏங்கிட்ட வந்து அழாத.