கடைசி 42 விநாடி

கேள்வி: பெரிய கல்லூரி ஆட்டத்துக்கு முந்தைய நாள் ரசிகர் எதை நம்புவது, கணக்கையா, மனசையா?
– ஒரு வாசகர், செம்மேடு, கொல்லிமலை

பதில்: மனசைத்தான். 1968 நவம்பர் 23-ஐப் பாருங்கள். அமெரிக்கக் கால்பந்தில் ஹார்வர்டும் யேலும் அந்தப் பருவம் முழுக்கத் தோல்வியே காணாமல் மோதின. முடிய 42 விநாடி இருக்கும்போது யேல் 29, ஹார்வர்டு 13. கணக்குப்படி ஆட்டம் முடிந்தது. ஹார்வர்டு விடவில்லை; அந்த 42 விநாடிக்குள் 16 புள்ளி எடுத்து 29–29 ஆக்கியது. அதன் மாணவர் பத்திரிகையோ, யேலை ஹார்வர்டு 29–29 என வென்றதாகவே தலைப்புப் போட்டது! சமனையும் வெற்றியாக அச்சடிக்கும் அந்த மனசுக்குப் பெயர்தான் ரசிகர்.

நம்மவர்களிடம் அந்தச் சூடு கிரிக்கெட்டில் இருக்கிறது. யாழ்ப்பாணம் மத்திய கல்லூரியும் சென். ஜோன்ஸ் கல்லூரியும் 1904 முதல் மோதும் ஆட்டத்தை 'வடக்கின் பெரும் போர்' என்றே அழைக்கிறார்கள். உண்மையான போர் சில ஆண்டுகள் அதைத் தடுத்தது. ஆனால், நிறுத்த முடியவில்லை.

கொல்லிமலைக்காரருக்கு இதைச் சொல்லவே வேண்டாம். 70 கொண்டை ஊசி வளைவில் 69 முடிந்ததும் பஸ்ஸை விட்டு யார் இறங்குகிறார்கள்?