சம வாய்ப்பு: ஓர் ஒத்திகை

(பிப்ரவரி 28, தேசிய அறிவியல் தினம். அதற்கு முந்தின சாயங்காலம் இயற்பியல் துறைத் தலைவர் தம் உரையை வாசித்துப் பார்க்கிறார். கேட்க ஓர் ஆள் வேண்டுமே. குடுவை கழுவிக்கொண்டிருந்த லேப் அட்டெண்டர் கோவிந்தன் மாட்டிக்கொண்டார்.)

பேராசிரியர்: "அறிவியலுக்குச் சாதி இல்லை, ஆண் பெண் இல்லை, பணம் இல்லை. திறமை ஒன்றே நுழைவுச்சீட்டு!" எப்படிப்பா இருக்கு?

கோவிந்தன்: பணம் இல்லைங்கிறது சரிதான் சார். என் மகளுக்கு ஃபெல்லோஷிப் வந்து ஏழு மாசமாச்சு.

பேராசிரியர்: மாசம் 37,000 ரூபா! எங்க காலத்துல ஏது? கொஞ்சம் பொறுத்தா மொத்தமா வரும்.

கோவிந்தன்: அதையேதான் மெஸ்காரர்கிட்ட சொல்லிப் பார்த்தாளாம். அவருக்கு ஆராய்ச்சி மனப்பான்மை பத்தல.

பேராசிரியர்: குறுக்கே பேசாதே. "ராமானுஜன், சென்னைத் துறைமுகத்தில் முப்பது ரூபாய் குமாஸ்தா. எஃப்.ஏ. தேறாதவர். ஆனாலும் 1913-ல் சென்னைப் பல்கலைக்கழகம் அவருக்கு மாதம் 75 ரூபாய் ஆராய்ச்சி உதவித்தொகை தந்தது. விதியைவிட மேதைமை பெரிது!" இங்க கைதட்டுவாங்க.

கோவிந்தன்: அவரு மேதைன்னு பல்கலைக்கழகத்துக்கு எப்படி சார் தெரிஞ்சுது?

பேராசிரியர்: கேம்பிரிட்ஜிலிருந்து கணித அறிஞர் ஹார்டி எழுதினார். வானிலைத் துறைத் தலைவர் கில்பர்ட் வாக்கர் பல்கலைக்கழகத்துக்கே எழுதினார்.

கோவிந்தன்: அப்ப நுழைவுச்சீட்டுல ரெண்டு துரைங்க கையெழுத்தும் இருந்திருக்கு.

பேராசிரியர்: அடுத்தது பெண்கள் பகுதி. "பீருமேட்டில் பிறந்த அன்னா மாணி, பெங்களூரில் சர் சி.வி. ராமனிடம் வைரம், மாணிக்கம் ஆகியவற்றின் ஒளிர்வை ஆராய்ந்தார். ஒரு படத்தகட்டுக்குப் பதினைந்து, இருபது மணி நேரம் ஒளி காட்ட வேண்டும். ஆய்வகத்திலேயே படுத்துத் தூங்கினார். தனியொருவராக ஐந்து கட்டுரைகள் வெளியிட்டார்."

கோவிந்தன்: டாக்டர் பட்டம் எந்த வருஷம் சார் வாங்குனாங்க?

பேராசிரியர்: வாங்கல.

கோவிந்தன்: ஏன் சார்?

பேராசிரியர்: ஆய்வேட்டைக் குடுத்தாங்க. எம்.எஸ்ஸி. இல்லைன்னு சென்னைப் பல்கலைக்கழகம் பட்டம் தரல. விதி.

கோவிந்தன்: அந்த 75 ரூபா குடுத்த பல்கலைக்கழகமா?

பேராசிரியர்: (கண்ணாடியைத் துடைக்கிறார்) அது 1913, இது 1945. நடுவுல விதி கெட்டிப்பட்டுடுச்சு.

கோவிந்தன்: வாக்கர் துரை அதுக்குள்ள ஊருக்குப் போயிட்டாரு போல.

பேராசிரியர்: அந்தம்மா 1948-ல் அவர் இருந்த வானிலைத் துறைக்கே போய், கிட்டத்தட்ட நூறு கருவிகளுக்கு வரைபடம் போட்டுக் குடுத்தாங்க. சாதிக்கிறவங்களை யாரும் தடுக்க முடியாது.

கோவிந்தன்: தடுத்தது யாருன்னுதான் இப்ப சொன்னீங்களே சார். ராமன் சாராவது பொண்ணுங்களைத் தாராளமாச் சேர்த்துக்கிட்டாரா?

பேராசிரியர்: (இருமல்) 1933-ல் கமலா சோஹோனியைச் சேர்த்துக்க முதல்ல மறுத்தார். பம்பாய்ல முதலாவதா தேறின பொண்ணு. விடாம நின்னதால ஒரு வருஷம் பரிசோதனைக்குன்னு சேர்த்துக்கிட்டார்... அதெல்லாம் பழைய கதை. இன்னிக்கு யார் வேணா 'நேச்சர்' இதழ்ல எழுதலாம்.

கோவிந்தன்: எழுதலாமாம் சார். ஆனா ஊர்ல எல்லாரும் இலவசமாப் படிக்கிற மாதிரி போடணும்னா, 2021-ல அவங்க வச்ச விலை 9,500 யூரோன்னு மகள் சொன்னா. ரெண்டு வருஷ ஃபெல்லோஷிப்பை அப்படியே கட்டிட்டா சரியாப் போயிடும். வந்தா.

பேராசிரியர்: ஆரம்பத்துலேயே நல்ல லேபாப் பார்த்துச் சேரணும்ப்பா. என் பையன் ப்ளஸ் டூ லீவுலேயே லேசர் லேப்ல இன்டர்ன்ஷிப் செஞ்சான். ஆர்வம்!

கோவிந்தன்: தெரியும் சார். சாவி குடுத்ததே நான்தானே.

பேராசிரியர்: (பேனாவை எடுக்கிறார்) உரை நீளமாத்தான் இருக்கு. அன்னா மாணியை எடுத்துடறேன்.

கோவிந்தன்: அப்ப பெண்கள் பகுதி?

பேராசிரியர்: நன்றியுரை சொல்றது ஒரு பொண்ணுதான். குத்துவிளக்குக்குத் தட்டு பிடிக்க வேற ரெண்டு பேர். போதும்ப்பா, கணக்கு சரியாப் போச்சு.